அதே கோப்பு, வேறு நாற்காலி: ஒரு காப்புரிமை மேல்முறையீட்டில் எழுந்த நடுநிலைக் கேள்வி

எதைப் பற்றி

க்ளிவெக் மருந்து வழக்கைக் கேள்விப்படாத அறிவுசார் சொத்துரிமை வக்கீல் நம் நாட்டில் இருக்க வாய்ப்பில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், அதில் அலசப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவும் சட்டக் கல்லூரிப் பாடமாகிவிட்டன. ஆனால் அந்த வழக்கின் நடுவே, 2007இலும் 2008இலும், மருந்தைப் பற்றியே பேசாத ஒரு சண்டை நடந்தது. மேல்முறையீட்டை விசாரிக்க உட்காரப் போகிறவர் யார், அவர் உட்காரலாமா என்பதுதான் அந்தச் சண்டை. பாடம் நடத்தும்போது இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு 3(டி)க்குப் போய்விடுவார்கள்.

இந்தக் குறிப்பு அந்த ஒரு வரியைப் பற்றியது. நிறுவனங்களின் பெயர்கள் தீர்ப்புகளிலேயே இருப்பதால் அப்படியே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன். இங்கே பேசுபொருள் ஒருவர் அடுத்தடுத்து வகித்த பதவிகள். அவருடைய நேர்மையை அளப்பது என் வேலை இல்லை.

பின்னணி

1998 ஜூலை 17 அன்று சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டது. எண் 1602/எம்.ஏ.எஸ்./98. நடுவில் இருக்கும் மூன்று எழுத்து மெட்ராஸைக் குறிப்பது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடும் அதேதான். இமாடினிப் மெசிலேட் என்ற வேதிப்பொருளின் பீட்டா படிக வடிவத்துக்கு, அதாவது அந்தப் பொருள் படிகமாகும் விதங்களில் ஒன்றுக்கு, காப்புரிமை கேட்டிருந்தார்கள். நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து அது; க்ளிவெக் என்பது அதன் விற்பனைப் பெயர்.

அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி சட்டத்தை மாற்ற 2005 தொடக்கம் வரை அவகாசம் இருந்தது. அதுவரை வரும் விண்ணப்பங்களை வாங்கி, திறக்காமல் தனியே வைத்துக்கொள்வார்கள். 'அஞ்சல் பெட்டி விண்ணப்பம்' என்று அதற்குத் துறையில் பெயர். இடையில், 2003 நவம்பரில், அந்த மருந்தை விற்கும் தனி உரிமை மட்டும் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்த உரிமை கையில் இருந்த காலத்தில் ஒரு நோயாளியிடம் மாதத்துக்கு 1,20,000 ரூபாய் வாங்கியது என்று பிற்பாடு மேல்முறையீட்டு வாரியமே தன் உத்தரவில் எழுதியது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து அதில் பத்தில் ஒரு பங்கு விலையை ஒட்டிக் கிடைத்தது. வழக்கு ஏன் இவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

2005இல் சட்டம் திருத்தப்பட்டது, பெட்டியும் திறக்கப்பட்டது. திருத்தத்தோடு வந்ததுதான் இன்றைய 3(டி): ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருக்கிறது என்று காட்டினால் ஒழிய, காப்புரிமை இல்லை. நாட்கோ, சிப்ளா, ரான்பாக்ஸி, ஹெட்டிரோ என்ற நான்கு மருந்து நிறுவனங்களும் புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றும் ஆளுக்கொரு எதிர்ப்பு மனு போட்டன. 2005 டிசம்பர் 15 அன்று விசாரணை. 2006 ஜனவரி 25 அன்று காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான உதவிக் கட்டுப்பாட்டாளர் ஐந்து மனுக்கள் மீதும் ஐந்து உத்தரவுகள் போட்டு விண்ணப்பத்தை நிராகரித்தார். புதுமை இல்லை, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது, 3(டி)யும் தடுக்கிறது என்பவை முக்கியக் காரணங்கள்.

இதற்கு மேல் எங்கே போவது? சட்டத்தில் வழி எழுதியிருந்தது: அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம். அது 2003 செப்டம்பரிலிருந்து சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வணிகச் சின்ன வழக்குகளைப் பார்த்து வந்தது. தேனாம்பேட்டை குணா காம்ப்ளெக்ஸுக்கு நடந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இன்னும் வந்துசேரவில்லை. ஆகவே நோவார்ட்டிஸ் நேரே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுக்களோடு போனது. ஐந்து உத்தரவுகளுக்கு எதிராக ஐந்து மனு; 3(டி) பிரிவே செல்லாது என்று இன்னும் இரண்டு.

ரிட் மனு என்றால் எதிர்மனுதாரர் வரிசையில் அரசு இருக்கும், முடிவெடுத்த அலுவலகமும் இருக்கும். அந்த அலுவலகத்துக்கெல்லாம் தலைவர் தலைமைக் கட்டுப்பாட்டாளர். நிராகரிப்பு சரிதான் என்று ஆதரித்து அவர் உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். அதில் தப்பு ஏதும் இல்லை. கீழ் அதிகாரி போட்ட உத்தரவை மேல் அதிகாரி நீதிமன்றத்தில் தாங்கிப் பேசுவது அன்றாடம் நடப்பது. பின்னால் வந்த சிக்கல் முழுக்க இந்தக் காகிதத்தைச் சுற்றித்தான்.

வாரியம் அமைந்த விதம்

2007 ஏப்ரல் தொடக்கத்தில் வாரியத்துக்குக் காப்புரிமை அதிகாரம் வந்தது. ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் ஐந்து மனுக்களையும் வாரியத்துக்கு மாற்றிவிட்டு, 3(டி) பற்றிய இரண்டை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. மாற்றப்பட்டவை அங்கே மேல்முறையீடுகளாக எண்ணிடப்பட்டன.

வாரியத்தின் அமர்வு என்றால் இரண்டு பேர்: நீதித்துறை உறுப்பினர் ஒருவர், தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர். காப்புரிமை வழக்குக்கான தொழில்நுட்ப உறுப்பினராக யார் வரலாம் என்பதைக் காப்புரிமைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு சொன்னது. கட்டுப்பாட்டாளர் பதவியில் குறைந்தது 5 ஆண்டு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிவியல் அல்லது பொறியியல் படிப்போடு, பதிவு பெற்ற காப்புரிமை முகவராகக் குறைந்தது 10 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் தகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் வழியில் வருபவர், எந்த அலுவலகத்தின் உத்தரவுகள் மேல்முறையீட்டுக்கு வருகின்றனவோ அதே அலுவலகத்தில் வளர்ந்தவர். இரண்டாம் வழியில் வருபவர், அந்த அலுவலகத்தின் முன் வந்து நிற்கும் நிறுவனங்களுக்கு வேலை பார்த்தவர். இருக்கும் ஆட்களே கொஞ்சம், அதில் பாதிப் பேர் அந்தப் பக்கம், மீதிப் பேர் இந்தப் பக்கம். அனுபவம் வேண்டும் என்று சட்டம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அனுபவம் வந்த இடத்திலிருந்தே பழைய உறவும் கூட வரும் என்பதற்கு அந்தப் பிரிவில் ஓர் ஏற்பாடும் இல்லை. மாற்று உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டியே வந்திருக்காது.

அரசு முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. தொழில்நுட்ப உறுப்பினராக நியமிக்கப்பட்டவர், முன்பு தலைமைக் கட்டுப்பாட்டாளராக இருந்தவர். அந்தப் பிரமாணப் பத்திரத்தைக் கொடுத்தவர்.

ஆட்சேபம்

நோவார்ட்டிஸ் வாரியத்தின் முன் ஆட்சேபித்தது. இந்த வழக்கில், இந்த உத்தரவை ஆதரித்து, ஏற்கெனவே உறுதிமொழியோடு எழுதிக் கொடுத்தவர் அதே உத்தரவு சரியா தப்பா என்று தீர்மானிக்க உட்காரக் கூடாது, வேறு ஒருவரை வையுங்கள் என்பது அதன் கோரிக்கை.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பது ஒன்று. அதை மட்டும் வைத்து ஒருவரை விலக்கச் சொன்னால் சட்டம் வகுத்த தகுதியையே குறையாகச் சொன்னது ஆகும்; அது எடுபடாது. இன்னொன்று, இதே வழக்கில் ஒரு தரப்பின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் என்பது. இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

நம் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தை ரொம்ப நாள் முன்பே தொட்டிருக்கிறது. ஒரு வக்கீல் மீதான ஒழுங்கு விசாரணையை நடத்திய குழுவின் தலைவர், அந்தப் புகார்தாரருக்காக முன்பு ஒரு சமயம் ஆஜரானவர் என்று தெரியவந்தது. அவர் அதை மறந்தே போயிருக்கலாம், கட்சிக்காரரை நேரில் பார்த்திருக்கக்கூட மாட்டார் என்று 1957இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றது. உண்மையில் ஒருதலைப்பட்சம் இருந்ததா என்று தேட வேண்டியதில்லை, எதிராளிக்கு நியாயமான சந்தேகம் வருமா என்பதுதான் அளவுகோல். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. அந்த வக்கீல் கடைசியில் தோற்றார். விஷயம் தெரிந்தும் ஆரம்பத்திலேயே ஆட்சேபிக்காமல், முடிவு பாதகமாக வந்த பிறகு கிளப்பியதுதான் காரணம். நோவார்ட்டிஸ் அந்தத் தப்பைச் செய்யவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே கேட்டது.

1969இல் வந்த இன்னொரு தீர்ப்பும் இங்கே பொருந்தும். காஷ்மீர் வனத்துறைத் தேர்வுக் குழு ஒன்றில் உட்கார்ந்திருந்த அதிகாரியே அந்தத் தேர்வுக்கு ஒரு போட்டியாளர். தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போனார், மற்ற போட்டியாளர்களின் பெயர் வந்தபோது உள்ளே இருந்தார். எழுந்து போனது போதாது என்று நீதிமன்றம் தேர்வையே ரத்து செய்தது.

வாரியத்தின் முடிவும் உயர் நீதிமன்றத்தின் முடிவும்

வாரியம் 2007 ஜூலையில் ஆட்சேபத்தை நிராகரித்தது.

இப்படிப்பட்ட நெருக்கடியில் சட்டம் தெரிந்தவர்கள் நம்பும் ஒரு கோட்பாடு உண்டு. தீர்ப்புச் சொல்ல வேறு யாருமே இல்லாதபோது, சந்தேகத்துக்கு ஆளானவரே சொல்லலாம், இல்லாவிட்டால் நீதியே நின்றுபோகும் என்பது அது. வேறு வழியில்லாக் கோட்பாடு என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதற்குப் பழக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 1990களில் அன்றைய முதல்வரின் தகுதி நீக்கம் பற்றித் தேர்தல் ஆணையம் கருத்துச் சொல்ல வேண்டி வந்தது. தலைமைத் தேர்தல் ஆணையருக்கும் புகார்தாரருக்கும் நெருக்கம் என்று ஆட்சேபம் எழுந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், தலைமை ஆணையர் ஒதுங்கி நிற்கட்டும், மற்ற இரண்டு ஆணையர்கள் முடிவு செய்யட்டும், அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் வேறு வழியில்லாமல் அவர் வரட்டும். அதாவது கதவுகள் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கோட்பாட்டுக்கு வர வேண்டும்.

காப்புரிமை வாரியத்தில் தட்ட வேறு கதவு இருந்ததா? இருந்தது. வாரியத்துக்கு ஆள் போடுவது அரசு. இன்னொருவரை அரசால் நியமித்திருக்க முடியும். நாற்காலியில் ஒரே ஆள்தான் இருக்கிறார் என்பது இயற்கை விதித்த நிலை இல்லை, ஒரு நிர்வாக முடிவு. இந்தக் கட்டத்தில் அரசு கொஞ்சம் முனைந்திருந்தால் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

நோவார்ட்டிஸ் மறுபடி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இதற்கிடையே, 2007 ஆகஸ்ட் 6 அன்று, 3(டி) செல்லாது என்ற அதன் மனுக்களை அதே உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. ஒரு பக்கம் தோல்வி. ஆனால் நவம்பரில், ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது என்று நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அந்தத் தொழில்நுட்ப உறுப்பினர் இல்லாமல், வாரியத்தின் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து இந்த மேல்முறையீடுகளை விசாரிக்கட்டும் என்றது.

இந்தத் தீர்வைப் பார்த்ததும் நல்ல ஏற்பாடு மாதிரி தெரியும். ஆனால் அது ஒரு சிக்கலை அவிழ்த்து இன்னொன்றைப் போட்டுவிட்டது. படிகங்களின் நிலைத்தன்மை, கரைதிறன், உடலில் மருந்து எவ்வளவு சேர்கிறது என்றெல்லாம் பேச வேண்டிய வழக்கில் அறிவியல் தெரிந்த உறுப்பினரே இல்லாத அமர்வு. நடுநிலையைக் காப்பாற்ற நிபுணத்துவத்தை விட்டுக்கொடுத்த கதை.

மூன்றாவது வழி

எதிர்த் தரப்பில் இருந்த நாட்கோ உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அமர்வில் தொழில்நுட்ப உறுப்பினர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, அவர் இல்லாத அமர்வு எப்படிச் செல்லும் என்பது அதன் வாதம். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவுக்குத் தடை விதித்தது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். ஐந்து மேல்முறையீடுகள் வாரியத்தில் தூங்குகின்றன. ஒரு நீதிமன்றம் இவர் உட்காரக் கூடாது என்கிறது. இன்னொரு நீதிமன்றம் இவர் இல்லாமல் நடத்துவதையும் நிறுத்தி வைக்கிறது. காப்புரிமை கிடைத்தாலும் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம்தான். 2018 ஜூலையில் முடிந்துவிடும். அந்தக் கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தத் தாமதத்தில் அதிகம் இழந்தது ஆட்சேபித்த நிறுவனமேதான். காப்புரிமை இல்லாத ஒவ்வொரு நாளும் இந்திய நிறுவனங்கள் மருந்தை விற்றுக்கொண்டிருந்தன. இழுத்தடிப்பதற்காக ஆட்சேபம் கிளப்புகிறார்கள் என்று நாம் சாதாரணமாகச் சொல்வோமே, அந்தக் குற்றச்சாட்டு இங்கே ஒட்டாது. ஆட்சேபம் உண்மையானதா வேஷமா என்று எடைபோட, தாமதத்தால் யாருக்கு நஷ்டம் என்று பார்ப்பது ஒரு பயனுள்ள பழக்கம்.

2008இல் உச்ச நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒரு வழிக்கு வந்தன. பழைய தொழில்நுட்ப உறுப்பினருக்குப் பதில், இந்த மேல்முறையீடுகளுக்காக வேறு ஒருவர். அவரும் காப்புரிமை நிர்வாகத்தில் அனுபவம் உள்ளவர்தான். ஆனால் இந்தக் கோப்பில் அவர் கையெழுத்து எதிலும் இல்லை. வாரியத் தலைவரும் அவரும் சேர்ந்து விசாரிப்பார்கள் என்று முடிவானது. முன்பு பிரித்துச் சொன்ன வேறுபாடு இங்கே அப்படியே செயலுக்கு வந்தது: அந்தத் துறையிலிருந்து வரலாம், அந்த வழக்கிலிருந்து வரக் கூடாது.

இதை 2007 ஏப்ரலிலேயே செய்திருக்கலாம்.

விசாரணையும் உத்தரவும்

2009 ஜூன் 26 அன்று வாரியம் உத்தரவு போட்டது. நோவார்ட்டிஸ் தோற்றது. பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை, 3(டி) தடுக்கிறது. தயாரிப்பு முறைக்கு மட்டும் கொடுக்கலாம்.

ஆளை மாற்றியும் அதே முடிவுதானே, இவ்வளவு அலைந்தது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உத்தரவை உள்ளே போய்ப் படித்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. பொருள் புதியதில்லை, எளிதில் தோன்றக்கூடியது என்று உதவிக் கட்டுப்பாட்டாளர் சொல்லியிருந்த இரண்டையும் வாரியம் மாற்றிவிட்டது. புதுமை இருக்கிறது, கண்டுபிடிப்புத் திறனும் இருக்கிறது, ஆனாலும் 3(டி)யைத் தாண்டவில்லை என்றது. காப்புரிமை அலுவலகத்தின் உத்தரவைப் பாதி உடைத்து, பாதி ஏற்றுக்கொண்ட உத்தரவு அது. முழு உத்தரவையும் ஏற்கெனவே ஆதரித்து எழுதிக் கொடுத்திருந்த ஒருவர் அந்த அமர்வில் இருந்து, அதே பாதியை உடைத்து எழுதியிருந்தால் தன் பிரமாணப் பத்திரத்தையே தான் மறுத்திருக்க வேண்டும். உடைக்காமல் விட்டிருந்தால், ஏன் விட்டார் என்று காலத்துக்கும் பேச்சு இருந்திருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் உத்தரவுக்கு மரியாதை குறைந்திருக்கும்.

விலையைப் பற்றி வாரியம் எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மாதம் 1,20,000 ரூபாய் என்பதைப் பொது ஒழுங்குக்கு விரோதம் என்ற பிரிவுக்குள் கொண்டுவந்தது அவசியமில்லாத நீட்டல். அது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

அதே கேள்வி, எதிர்த் திசையிலிருந்து

வாரியத்தின் உத்தரவுக்கு எதிராக நோவார்ட்டிஸ் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேயும் நாற்காலிப் பிரச்சினை வந்தது. இந்த முறை கேள்வி கேட்டவர்கள் மறுபக்கத்தினர்.

வழக்கை விசாரித்த அமர்வில் இருந்த ஒரு நீதிபதி, அறிவுசார் சொத்து உரிமையாளர்களின் அமெரிக்க அமைப்பு ஒன்றின் ஆதரவில் நடந்த சர்வதேச நீதிபதிகள் மாநாடுகளில் கலந்துகொண்டிருந்தார். அந்த அமைப்பின் உறுப்பினர்களில் பெரிய மருந்து நிறுவனங்கள் உண்டு. நோவார்ட்டிஸும் அதில் இருப்பதாகச் செய்திகள் வந்தன. நோயாளிகளுக்காகப் பேசும் குழுக்கள் இது சரியா என்று கேட்டன. 2011 செப்டம்பரில் அந்த நீதிபதி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். அதற்கு முன்பே இன்னொரு நீதிபதியும் விலகியிருந்தார். வழக்கு மூன்றாவதாக ஓர் அமர்வுக்குப் போய், முதலிலிருந்து வாதம் கேட்கப்பட்டு, 2013இல் தீர்ப்பு வந்தது.

இந்த இரண்டு ஆட்சேபங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 2007இல் நோவார்ட்டிஸ் ஆட்சேபித்தபோது, பன்னாட்டு நிறுவனம் தனக்குத் தோதான நீதிபதியைத் தேடுகிறது என்று சொன்னவர்கள் உண்டு. 2011இல் நோயாளிகள் குழுக்கள் ஆட்சேபித்தபோது, மாநாட்டுக்குப் போனதெல்லாம் ஒரு விஷயமா என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு 3(டி) பிரிவு பிடிக்கும். 2013 தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அதனாலேயே 2007இன் ஆட்சேபத்தை முதலில் நானும் சந்தேகத்தோடுதான் படித்தேன். திரும்பப் படித்தபோது, இரண்டில் வலுவானது அதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மாநாட்டில் பேசியது வழக்கிலிருந்து இரண்டு மூன்று எட்டு தள்ளி நடந்த விஷயம். பிரமாணப் பத்திரமோ வழக்குக் கட்டின் உள்ளேயே கிடக்கிறது.

திரும்பிப் பார்க்கையில்

மேல்முறையீடு வாரியத்துக்குப் போனது 2007 ஏப்ரலில். முடிவு வந்தது 2009 ஜூனில். 26 மாதம். அதில் பெரும் பகுதி யார் விசாரிப்பது என்பதிலேயே போனது.

மறுபடி செய்வதாக இருந்தால் எதை மாற்றலாம்? முதலாவது, நியமன நேரத்திலேயே எழுத்து வடிவில் ஒரு வெளிப்படுத்தல். "நான் தலைமைக் கட்டுப்பாட்டாளராக இருந்தபோது கீழ்க்கண்ட வழக்குகளில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்கிறேன்" என்று ஒரு பக்கம். வாரியத்துக்குக் காப்புரிமை அதிகாரம் வந்த உடனே மாற்றப்பட்ட கட்டுகள் இவை. அந்தப் பட்டியலைத் தயாரிக்க அரை நாள்கூட ஆகியிருக்காது. இரண்டாவது, அந்தப் பட்டியலில் இருக்கும் வழக்குகளுக்கு மட்டும் உட்கார, வெளியிலிருந்து ஒருவரை முன்கூட்டியே வைத்திருப்பது. ஐ.ஐ.டி. மாதிரி நிறுவனங்களில் வேதியியல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் 116ஆம் பிரிவின் தகுதி அவர்களை உள்ளே விடவில்லை. அந்தக் கதவைத் திறக்கச் சட்டத் திருத்தம் வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாவது வக்கீல்களுக்கானது. ஆட்சேபத்தை ஆளின் மேல் வைக்காமல் காகிதத்தின் மேல் வைக்க வேண்டும். "இவர் எங்களுக்கு எதிரானவர்" என்று மனுவில் எழுதினால் எதிரே இருப்பவருக்குக் கோபம் வரும், ரோஷத்துக்காகவே உட்கார்ந்துவிடுவார். "இந்தத் தேதியிட்ட பிரமாணப் பத்திரத்தின் இந்தப் பத்தி" என்று எழுதினால் அவரே எழுந்துபோக ஒரு கௌரவமான வழி கிடைக்கும். பார்த்த வரையில் இது பெரும்பாலும் பலிக்கிறது.

பிறகு மாறியவை

2015 மார்ச்சில் ஒரு சட்டப் பேராசிரியர் தொடுத்த வழக்கில், வாரியத்தின் அமைப்பைப் பற்றிய சில பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அரசின் சட்டப் பணியில் இருந்த அதிகாரிகள் நீதிபதி அனுபவம் இல்லாமலே வாரியத்தின் நீதித்துறை நாற்காலிகளுக்கு வர வழி வைத்திருந்ததும், தேர்வில் நிர்வாகத்தின் கை ஓங்கியிருந்ததும் அங்கே அடிபட்டன. தொழில்நுட்ப உறுப்பினர் விஷயத்தில் 2007இல் தெரிந்த கோளாறு மற்ற நாற்காலிகளிலும் இருந்தது என்பது அதில் வெளிப்பட்டது.

வணிகத் தகராறுகளின் இன்னொரு பக்கமான நடுவர் தீர்ப்பாயங்களில், அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர்கள் தகராறைத் தீர்க்கும் இடங்களில், மாற்றம் இன்னும் தெளிவாக வந்தது. 2015இல் திருத்தப்பட்ட நடுவர் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை 34 வகை உறவுகளைப் பட்டியலிட்டு, இவை இருந்தால் நடுவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. அவற்றில் கனமான 19 ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பொருந்தினாலே நியமனம் நிற்காது, தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய. அந்தத் தகராறில் முன்பே சம்பந்தப்பட்டவர் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2007இல் இப்படி ஒரு பட்டியல் வாரியத்தின் மேஜையில் இருந்திருந்தால் ஜூலை உத்தரவே வேறு மாதிரி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வாரியம் இப்போது இல்லை. 2021 ஏப்ரல் 4 முதல் அவசரச் சட்டத்தால் கலைக்கப்பட்டது. ஐந்து மனுக்கள் அங்கே மாற்றப்பட்டு அன்றோடு சரியாக 14 வருடம். வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கே திரும்பின. டெல்லியிலும் பிறகு சென்னையிலும் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவுகள் வந்தன. நீதிபதிக்கு அறிவியல் விளக்கம் வேண்டுமானால் நிபுணரை அழைக்கலாம். டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2022 விதிகளில், அப்படி அழைக்கப்படும் நிபுணர் வேலையைத் தொடங்கும் முன், இந்தத் தகராறில் தனக்கு முரண்பட்ட நலன் எதுவும் இல்லை என்று உறுதி தர வேண்டும். அவர் கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் அங்கே எழுதியிருக்கிறார்கள்.